எதிர்நாயகன் என்னும் மயக்கச் சொல்: ஒரு மறுப்பு

புதினம், திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியன பற்றிய தமிழ்த் திறனாய்வில் ‘எதிர்நாயகன்’ என்னும் சொல் பெருவழக்காகியுள்ளது. இராவணனும் எதிர்நாயகன் எனப்படுகிறான், கோவலனும் அவ்வாறே. ஜி. நாகராஜனின் கந்தனும், மருமகள்களை அடக்கியாளும் சின்னத்திரைக் குடும்பத் தலைவனும், துப்பாக்கியேந்தித் தங்கச் சுரங்கத்தைக் கைப்பற்றும் திரைப்பட வீரனும் அதே பெயரைப் பெறுகின்றனர். இயல்பால் முற்றிலும் வேறுபட்ட இவ்வனைவரையும் ஒரு சொல் சுட்டுமாயின், அச்சொல் கலைச்சொல்லாக நின்று பயன்படாது. வேறுபாடுகளை மறைக்கும் போர்வையாகவே அது பயன்படும்.

இச்சொல்லாட்சியின் பின்னால் இரு கொள்கைகள் உள்ளன. தமிழ் மரபு நல்லவன், தீயவன் என்னும் இருமையை மட்டுமே அறிந்திருந்தது என்பதும், குற்றமுடைய மாந்தனைக் கதையின் நடுவில் நிறுத்தும் முறை மேலைநாட்டு வரவு என்பதும் முதற்கொள்கை. தீயவனுக்கு ஒரு துயரக் கடந்தகாலம் தரப்பட்டாலோ, அவன் மக்களின் விருப்பத்தைப் பெற்றுவிட்டாலோ அவன் எதிர்நாயகன் ஆகிவிடுகிறான் என்பதும், அது கலையின் வளர்ச்சி என்பதும் இரண்டாம் கொள்கை. நன்னூலார் கூறும் எழுவகை மதங்களுள் பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதலும் ஒன்று. அம்முறையே ஈண்டுப் பின்பற்றப்படுகிறது.

இது சொல்லைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. பெங்களூரு நகரத் தொடர்வண்டி நிலையத்தை அடுத்த ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அவர்தம் பிள்ளைகளுள் பலர் கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ பயில்பவர். தமிழ் பேசுவர், ஆயின் எழுத்துக்கூட்டிப் படிக்க இடர்ப்படுவர். அத்தகையோர்க்குத் திரையும் சின்னத்திரையுமே தமிழ் இலக்கியம். அவ்விலக்கியத்தில் யார் போற்றப்படுகின்றனர், யார் பேச்சற்று நிற்கின்றனர் என்பதைக் கூறவேண்டிய பொறுப்பு தமிழ்த்துறைகளுக்கு உண்டு. ‘எதிர்நாயகன்’ என்று பெயரிட்டதும் அப்பொறுப்பு முடிந்துவிட்டதாகக் கருதுவது தவறு.

1. மரபு அறியாததன்று

முதற்கொள்கையில் ஓரளவு உண்மை உண்டு. ‘எதிர்நாயகன்’ என்னும் கருத்தாக்கம் மேலை இலக்கியத்திலிருந்து வந்ததே. உருசிய எழுத்தாளர் தாஸ்தாயெவ்ஸ்கி 1864இல் வெளியிட்ட ‘நிலவறைக் குறிப்புகள்’ என்னும் குறும்புதினத்தின் இறுதியில் அச்சொல்லைத் தம் கதைசொல்லியின் வாயிலாகவே வெளிப்படையாகப் பயன்படுத்தினார். சொல் புதிது என்பதனால் பொருளும் புதிது என்று கொள்வதில்தான் பிழை நேர்கிறது.

வடமொழி அணிநூலாரும் நாடக நூலாரும் தலைவனின் பகைவனைப் ‘பிரதிநாயகன்’ என்றனர். தனஞ்சயரின் தசரூபகம் அவனைப் பேராசையும் செருக்கும் தீச்செயலும் உடையவன் என்று வரையறுத்து, இராமனுக்கு இராவணனையும் உதிட்டிரனுக்குத் துரியோதனனையும் எடுத்துக்காட்டுகிறது. தண்டியாசிரியரோ தம் காவியாதரிசத்தில், பகைவனின் குலம், வீரம், கல்வி ஆகியவற்றையும் புகழ்ந்துரைத்துப் பின் அவனைத் தலைவன் வென்றதாகக் கூறுதலும் இன்பம் தரும் என்கிறார். ஆகவே, பகைவனுக்குப் பெருமை அளித்தல் காப்பிய இலக்கணம் முன்பே அறிந்த நெறியாகும். கம்பனின் இராவணன் பெருமிதத்தோடு நிற்பது நெறி மீறலன்று, அந்நெறியின் உச்சம்.

சிலப்பதிகாரம் இதனினும் ஒருபடி மேற்செல்கிறது. அதன் தலைவன் குற்றமற்றவன் அல்லன். மனைவியைப் பிரிந்து, பொருள் முழுதும் இழந்து, அவள் சிலம்பை விற்று வாழ வேண்டிய நிலைக்கு வந்தவன் கோவலன். அவனை எதிர்நாயகன் என்று குறித்துவிட்டு ஆய்வு அங்கேயே நின்றுவிடுகிறது. நிற்கக்கூடாத இடம் அது. கொலைக்களக் காதையில் கோவலன் தன் பிழைகளைத் தானே எண்ணிக் கண்ணகியிடம் கூறுகிறான். அவளும் ‘நீர் செய்தது சான்றோர் போற்றாத ஒழுக்கம்’ என்னும் பொருள்பட நேருக்குநேர் விடை பகர்கிறாள். தீங்குற்றவள் பேசுகிறாள், தீங்கிழைத்தவன் கேட்கிறான். பின்னர் மதுரை அவையிலும் இதுவே நிகழ்கிறது. பாண்டியன் கண்ணகியின் வழக்கைக் கேட்கிறான். தன் தவற்றை உணர்ந்து உயிர்விடுகிறான். இருவரையும் பெருமைக்குரியவராக்குவது அவர்தம் ஆண்மையோ செல்வமோ அன்று. கேட்கும் ஆற்றலே ஆகும்.

கம்பனிலும் இக்கணக்கு பிறழவில்லை. அசோகவனத்தில் சீதை இராவணனை இகழ்ந்துரைக்கும் சொற்கள் காப்பியத்தின் மிகக் கூரிய பகுதிகளுள் அடங்கும். கணவன் இல்லாதபோது வஞ்சனையால் கவர்ந்தவன் என்னும் பழியை அவள் அவன் முகத்திற்கு நேரே வைக்கிறாள். மந்திர அவையில் கும்பகருணன் அதே பழியைத் தமையன்மீது சுமத்திய பின்னரே அவனுக்காகப் போரிடச் செல்கிறான். இராவணனின் இசையறிவும் வீரமும் எவ்வளவு விரித்துரைக்கப்பட்டாலும், சீதையின் சிறை மறக்கப்படுவதில்லை.

புலவர் குழந்தையின் இராவண காவியத்தை (1946) இவ்விடத்தில் எதிர்ச்சான்றாகக் காட்டுவோர் உளர். 1948இல் தடைசெய்யப்பட்டு 1971இல் தடை நீங்கப்பெற்ற அந்நூலில் இராவணன் எதிர்நாயகன் அல்லன், அவனே நாயகன். வென்றவர் எழுதிய கதையில் தீயவராக்கப்பட்ட ஓரினத்தின் குரலாக அவன் அங்கே நிற்கிறான். தீங்குற்றோர் யார் என்பது பற்றிய வழக்கை அந்நூல் புதிதாகத் தொடுக்கிறது. இதனையும் தீயவனைப் போற்றும் புனைவுகளையும் ஒன்றாக எண்ணுவது அந்நூலின் நோக்கத்தைச் சிதைப்பதாகும்.

2. அண்டை மொழியின் பாடம்

கருநாடகத்தில் தமிழாய்வு செய்வோர் கன்னடத் திறனாய்வை நோக்கியிருப்பின் இம்மயக்கம் ஓரளவு நீங்கியிருக்கும். மைசூரிலும் பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியிலும் பணியாற்றிய பி. எம். ஸ்ரீகண்டையா, நாகசந்திரனின் சமண இராமாயணத்தை ஆராய்ந்து அதில் ஓர் அவல நாயகனாக இராவணனைக் கண்டார். அந்நூலில் இராவணன், சீதையின் உறுதியையும் துயரையும் கண்டு மனம் மாறுகிறான். போரில் வென்றபின் அவளைத் திருப்பி ஒப்படைப்பதென முடிவுசெய்கிறான். ஆயினும் தன் செருக்கினால் அழிகிறான். அவனை அவல நாயகனாக்கியது அவனது இளமைத் துன்பமன்று. தீங்குற்றவளைக் கண்டு அவன் அடைந்த மாற்றம். குவெம்புவின் ‘ஸ்ரீ ராமாயண தரிசனம்’ இம்மாற்றத்தை மேலும் வளர்த்தெடுத்தது.

இரன்னனின் கதாயுத்தம் துரியோதனனுக்கு உள்ளம் உருக்கும் புலம்பலைத் தந்த பத்தாம் நூற்றாண்டுக் காவியம். களத்தில் வீழ்ந்து கிடக்கும் துரோணனையும் தம்பியையும் மகனையும் கன்னனையும் கண்டு அவன் அழும் பகுதி புகழ்பெற்றது. எனினும் காவியத்தின் தொடக்கத்திலேயே திரௌபதி வீமனிடம் தன் சூளுரையை நினைவூட்டுகிறாள். அவள் குரல் முன்னே நிற்க, அவன் புலம்பல் பின்னே வருகிறது. வடதமிழகத்துப் பாரதக் கூத்தின் படுகளத்திலும் மண்ணால் பேருருவாக வனையப்பட்ட துரியோதனன் கிடக்க, திரௌபதி கூந்தல் முடிக்கும் நிகழ்ச்சியே நிறைவு. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிப் பெங்களூருத் தருமராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரக விழாவிலும் நகரம் இரவெல்லாம் கண்விழித்து வழிபடுவது திரௌபதியையே. பாண்டவர் ஐவரும் அங்குப் பின்னணியில் உள்ளனர். செவ்வியல் மரபும் நாட்டார் மரபும் பகைவனுக்குப் பெருமை தந்தன; அதற்காக அவமதிக்கப்பட்டவளை அரங்கிலிருந்து அகற்றவில்லை.

3. புதினம் காட்டிய வழி

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ (1966) என்னும் சிறுகதையின் தொடர்ச்சியாக அமைந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. மழை நாளில் கல்லூரி மாணவி ஒருத்தியைக் காரில் ஏற்றிச் சென்று அவள் வாழ்வைத் திசைமாற்றியவன் பிரபு. பிற்காலத்தில் அவன் உள்ளீடற்ற, இரங்கத்தக்க மனிதனாகக் காட்சியளிக்கிறான். வாசகர் அவனை வெறுக்க இயலாமல் தவிக்கின்றனர். ஆயின் கதையைச் சொல்பவள் கங்கை. பிரபுவின்மீது எழும் இரக்கமும் அவள் கண்வழியாகவே வாசகரை வந்தடைகிறது. இரக்கத்தை வழங்கும் உரிமை தீங்குற்றவளிடமே இருப்பதால் அப்புதினம் பிரபுவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதவில்லை.

ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) தமிழில் எதிர்நாயகன் என்னும் சொல்லுக்கு உண்மையில் உரிய பாத்திரத்தைத் தந்தது. கந்தனின் ஒரு நாளை மட்டும் கூறும் அப்புதினம் அவனுக்குப் பெருமையோ, துயரக் கடந்தகாலம் என்னும் சலுகையோ, மனமாற்றமோ தருவதில்லை. தனக்குப்பின் மீனாவின் வாழ்வு என்னாகும் என்னும் கவலை அவனிடம் உண்டு, அதுவும் புனிதமாக்கப்படுவதில்லை. அவனைப் போற்றுமாறு எந்த வரியும் வாசகரைத் தூண்டவில்லை.

இக்கட்டுரை ஒழுக்கப் போதனை கேட்கிறது, தீயோன் இறுதியில் தண்டிக்கப்படவேண்டும் என்கிறது என்று மறுப்போர் எழலாம். கந்தனே அதற்கு விடை. தண்டனையும் மனமாற்றமும் இங்கு அளவுகோல் அல்ல. தீங்குற்றோர்க்குப் பெயரும் பேச்சும் உண்டா, தீங்கு தீங்காகவே தோன்றுகிறதா என்பனவே அளவுகோல்.

4. திரையில் நேர்ந்த பிரிவு

தமிழ்த் திரையின் தொடக்ககாலச் சான்றுகள் இவ்வளவுகோலுக்கு ஒத்துவருகின்றன. பாடல்களே இல்லாத படமாக 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’, நாட்டைக் காட்டிக்கொடுக்கும் பொறியாளனைக் கதையின் நடுவில் நிறுத்தியது. சிவாஜி கணேசன் ஏற்ற அப்பாத்திரத்தின் முடிவு அவன் மனைவியின் கையில் இருந்தது. அவ்வேடத்தை ஏற்றவர் கன்னடத் திரையிலும் புகழ்பெற்றிருந்த பண்டரிபாய்.

பெங்களூரில் பிறந்து, அந்நகரப் பேருந்தில் நடத்துநராகப் பணியாற்றிய ரஜினிகாந்தின் திரைவாழ்வு இவ்வகையில் தனி ஆய்வுக்குரியது. ‘மூன்று முடிச்சு’ (1976) படத்தில் அவர் ஏற்ற பாத்திரம், நண்பன் நீரில் மூழ்குவதைக் கண்டும் காப்பாற்றாது விட்டு அவன் காதலியை அடைய முயல்கிறது. அப்பெண் அவனுடைய தந்தையை மணந்து அவனுக்குத் தாய் முறையாகி அவனை எதிர்கொள்கிறாள். ‘அவர்கள்’ (1977) படத்தின் கொடுமைக்காரக் கணவனும், ‘16 வயதினிலே’ (1977) படத்தின் பரட்டையும் முறையே அனுவின் வாழ்வு வழியாகவும் மயிலின் வாழ்வு வழியாகவும் அறியப்படுபவர்கள். சிகரெட்டைச் சுண்டிப் பிடிக்கும் கைவண்ணமும் விரைந்த நடையும் பேச்சும் அப்போதே மக்களைக் கவர்ந்தன. எனினும் அக்கவர்ச்சி தீச்செயலோடு பிணைந்திருந்ததால் காண்போர் உள்ளத்தில் நெருடல் எஞ்சியது. ‘பைரவி’ (1978) தொடங்கி நாயகனாக உயர்ந்தபோது அந்த நடையும் கைவண்ணமும் உடன்வந்தன. அவற்றோடு பிணைந்திருந்த குற்றம் மட்டும் பின்தங்கியது.

இதில் நடிகரைக் குறைகூற ஒன்றுமில்லை. தீயவனின் தோற்றத்தைத் தீச்செயலிலிருந்து பிரித்தெடுத்து நாயகனுக்கு அணிவிக்கும் முறை தமிழ்த் திரையில் எவ்வாறு வளர்ந்தது என்பதற்கு இவ்வரலாறு தெளிவான சான்று. இவ்வாறு அமையும் பாத்திரத்தை எதிர்நாயகன் என்பது பொருந்தாது. தீயவனின் வேடம் பூண்ட நாயகனே அவன். ‘வேட நாயகன்’ என்று அவனைக் குறிப்பது பொருத்தமாகும்.

5. சின்னத்திரையும் காண்போரும்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி சோப்ரானோஸ்’ (1999–2007), ‘பிரேக்கிங் பேட்’ (2008–2013) ஆகிய தொடர்கள் குற்றவாளியை வீட்டுத் தலைவனாக்கி வெற்றி கண்டன. இரண்டாம் தொடரில் குற்றவாளியின் மனைவியாக நடித்த அன்னா கன், அப்பாத்திரத்தின்மீது காண்போர் கொண்ட வெறுப்புத் தம்மீதே திரும்பியதைப் பற்றி 2013இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதினார். கணவன் போதைப்பொருள் காய்ச்சுகிறான். தடுக்கின்ற மனைவியோ தொல்லை தருபவளாகப் பார்க்கப்பட்டாள். தொடரில் அவளுக்குக் குரல் இருந்தும் காண்போரில் ஒருசாரார் அதனைக் கேட்க மறுத்தனர்.

இதற்கு இணையான தமிழ்ச் சான்று சன் தொலைக்காட்சியில் 2022 முதல் 2024 வரை ஒளிபரப்பான ‘எதிர்நீச்சல்’. திருச்செல்வம் இயக்கிய அத்தொடரின் பெயரே ஆணாதிக்கக் குடும்பத்தில் மருமகள்கள் நீந்தும் எதிர்நீச்சலைக் குறிப்பது. ஆயினும் மக்களிடையே பெரும்புகழ் பெற்றது அவர்களை அடக்கும் ஆதி குணசேகரன் என்னும் பாத்திரம். 2023 செப்டம்பரில் மறைந்த மாரிமுத்துவின் நடிப்பாற்றலே அதற்கு முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. அவர்தம் அதட்டல்கள் துணுக்குகளாக வெட்டப்பட்டு நகைச்சுவையாகப் பரவின. தொடரில் அவ்வதட்டலுக்கு முன்னும் பின்னும் ஒரு பெண் நிற்கிறாள். துணுக்கில் அவள் இல்லை.

ஆய்வாளர் செய்யவேண்டிய பணி இங்கேதான் தொடங்குகிறது. தொடரின் பனுவல் ஒன்று. அது நுகரப்பட்ட முறை மற்றொன்று. குணசேகரன் விரும்பப்பட்டான், எனவே எதிர்நாயகன் என்று முடிப்பவர் இரண்டையும் குழப்புகிறார். காப்பிய இலக்கணப்படி அவன் பகைத்தலைவன்; நாயகியர் நால்வர். அவனது அதட்டலைக் கேட்டுச் சிரித்தவர் யார், அதே அதட்டலைத் தம் வீட்டில் கேட்டதனால் சிரிக்க இயலாதவர் யார் என்னும் வினாவை எழுப்பாத ஆய்வு, துணுக்கு வெட்டியவர் செய்த பிழையையே தானும் செய்கிறது.

6. கோலார்: பேச்சிழந்த உழைப்பாளர்

இம்மயக்கத்தின் விலை எவ்வளவு என்பதைக் கோலார் தங்கவயல் காட்டும். பிரசாந்த் நீல் இயக்கிய ‘கே.ஜி.எஃப்’ கன்னடப் படத்தின் இரு பகுதிகள் 2018இலும் 2022இலும் வெளிவந்து, தமிழிலும் ஒலிமாற்றம் பெற்றுப் பெருவெற்றி அடைந்தன. மும்பையில் வளர்ந்த குற்றவாளி ஒருவன், நராச்சி என்னும் சுரங்கத்தில் கொத்தடிமைகளாக வதைபடும் மக்களிடையே புகுந்து, கொடியோரைக் கொன்று தானே அதன் தலைவனாகிறான். அவனுக்குத் தாயின் வறுமை என்னும் துயரக் கடந்தகாலம் தரப்பட்டுள்ளது. அவன் கதையும் அவனை வியந்து எழுதப்பட்ட ஒரு நூலின் வழியாகவே கூறப்படுகிறது. அடிமைகளோ பெரும்பாலும் பெயரற்றவர். மீட்பனை எதிர்நோக்கும் கூட்டம்.

நராச்சி கற்பனை எனப் படைப்பாளர் கூறலாம். படத்தின் பெயர் கற்பனையன்று. கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத் தொழிலை நடத்தியது. வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர், அவருள்ளும் பெரும்பான்மையாக ஒடுக்கப்பட்டோர், நிலத்தின்கீழ் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கிப் பணிசெய்தனர். அவர்கள் மீட்பனுக்காகக் காத்திருந்தவர் அல்லர். 1930இல் கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். அயோத்திதாசர் தோற்றுவித்த சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிகுப்பத்தில் இயங்கியது. அவர்தம் நூல்களை அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டு வெளியிட்டது. தமிழ் அச்சு வரலாற்றிலும் சமய மறுமலர்ச்சி வரலாற்றிலும் இடம்பெற்ற அத்தொழிலாளர், திரையில் பேச்சற்ற கூட்டமாயினர்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் தங்கவயல் மக்கள் பல்லாயிரவர் நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வந்து வேலைசெய்து திரும்பும் நிலை உருவாயிற்று. பாட்டன் சுரங்கத்தில் உழைத்த இளைஞன் ஒருவன், அப்படத்தைக் கண்டு யாரோடு தன்னை ஒன்றுபடுத்திக்கொள்வான்? பெயருள்ள ஒரே மனிதனாகிய துப்பாக்கி வீரனோடுதான். தன் முன்னோரைத் திரையில் காண அவனுக்கு வாய்ப்பு வைக்கப்படவில்லை. பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) சுரங்கத்தின் தொடக்கத்தை உழைப்பாளர் பக்கம் நின்று கூற முயன்றது. அதன் கலைத்திறன் பற்றி வேறுபட்ட கருத்துகள் இருக்கலாம். யார் பேசவேண்டும் என்பதில் அதற்குத் தெளிவு இருந்தது. இவ்விரு படங்களின் வேறுபாட்டை ‘எதிர்நாயகன்’ என்னும் சொல்லால் விளக்க இயலாது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று வகையினரைப் பிரித்தறிதல் வேண்டும் என்பது பெறப்படும். பெருமையும் தீமையும் உடையவனாய்த் தலைவனையோ தலைவியையோ எதிர்த்து நிற்பவன் பகைத்தலைவன். இராவணனும் துரியோதனனும் குணசேகரனும் இவ்வகையினர். பெருமையோ சலுகையோ இன்றிக் கதையின் நடுவில் வாழ்பவன் எதிர்நாயகன், கந்தன் அத்தகையன். தீயவனின் தோற்றத்தைப் பூண்டு நாயகனின் புகழை முழுதும் பெறுபவன் வேட நாயகன். நராச்சியின் தலைவன் அவ்வகையினன். கோவலனும் பாண்டியனும் இம்மூன்றிலும் அடங்கார். அவர்கள் தவறிழைத்து, கேட்டு, உணர்ந்த தலைவர்கள்.

வேட நாயகன் புதியவனாகத் தோன்றினும், திறனாய்வு நோக்கில் பழைய குறையற்ற தலைவனே அவன். அவனை எதிர்த்துப் பேச எவரும் விடப்படவில்லை என்பது மட்டுமே மாற்றம். சிலப்பதிகாரத்தில் மன்னனை எதிர்த்துப் பேசக் கண்ணகிக்கு அவை இருந்தது. அவ்வவையை மூடிவிட்ட புனைவுகளை ‘எதிர்நாயகக் கதைகள்’ என்று வரவேற்பது வளர்ச்சியைப் போற்றுவதாகாது.

எனவே தீயோரைப் பற்றிய ஆய்வேடுகள் தீயோரோடு தொடங்கி அவர்களோடே முடிதல் கூடாது. ஒவ்வொரு பனுவலிலும் தீங்குற்றோர் யார், அவருக்குப் பெயர் உண்டா, அவர் பேசுகின்றனரா, அப்பேச்சைத் தீங்கிழைத்தவன் கேட்கிறானா என்னும் நான்கு வினாக்களுக்கு முதலில் விடை காணவேண்டும். குணசேகரனைப் பற்றி ஒக்கலிபுரத்து மகளிரிடமும், நராச்சியைப் பற்றி மாரிகுப்பத்து முதியோரிடமும் கேட்டறிந்து எழுதப்படும் ஓர் ஆய்வு, ‘எதிர்நாயகன்’ என்னும் சொல்லைப் பக்கந்தோறும் கையாளும் பல ஆய்வேடுகளைவிடத் தமிழ்த் திறனாய்வுக்குப் பயன்தரும்.